ஆயில் கெட்டியானால் என்ஜின் கெட்டியாகுமா?

வண்டி மச்சினனுடையது. 2017-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர், விவிடி (ஓட்டத்துக்கு ஏற்ப வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) உண்டு. போன மே மாதம் என் கைக்கு வந்தபோது 81,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மதுரைக்குள்ளேயே சுற்றும் வண்டி, வீட்டுக்கும் கடைக்கும் ஆறு கிலோமீட்டர், அதையே ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வரும், மாதத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு கொடைக்கானல். கம்பெனி பெயர் வேண்டாம், இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை.

அவன் சொன்ன புகார் இதுதான்: "மாமா, என்ஜின் லைட் எரியுது, மலை ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது, மைலேஜ் வேற பதினெட்டுல இருந்து பதினஞ்சரைக்கு வந்துருச்சு." எப்போதிலிருந்து என்று கேட்டால் சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகு என்றான். திருவிழாவுக்கு முன்னால் வண்டிக்கு என்ன செய்தாய் என்று தோண்டிக் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது: ஆயில் மாற்றியிருக்கிறான்.

ஆயில் மாற்றியதற்கும் ஒரு காரணம் இருந்தது. பிப்ரவரியிலிருந்து காலையில் முதல் ஸ்டார்ட்டில் மூன்று விநாடி கடகடவென்று சத்தம், அப்புறம் தானாக அடங்கிவிடும். தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "டேப்பெட் சத்தம் சார், ஆயில் தண்ணி மாதிரி இருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் எப்படித் தாங்கும்" என்று சொல்லி 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டார். ஒரு வாரம் சத்தம் குறைந்தது, மச்சினனுக்குச் சந்தோஷம். அதன் பிறகு இரண்டு நாள் வண்டியை நிறுத்தி வைத்து எடுத்தால் சத்தம் ஆறேழு விநாடி நீடித்தது, முன்னைவிட அதிகம். மூன்றாவது வாரம் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது என்ஜின் லைட்.

அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் தொழில் கற்றது அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓடிய காலத்தில். அந்த என்ஜின்களில் பேரிங் இடைவெளி தாராளம், தேய்ந்த பிறகு இன்னும் தாராளம், அவற்றுக்கு 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 தான் சரி. "ஆயில் கெட்டியாக இருந்தால் என்ஜினும் கெட்டியாக இருக்கும்" என்பது அந்த வண்டிகளில் முப்பது வருஷம் கண்ணால் பார்த்த அனுபவம். அந்த அனுபவத்தை எந்த வண்டிக்கு எடுத்துப் போகலாம், எதற்கு எடுத்துப் போகக் கூடாது என்பதில்தான் சறுக்கல்.

சரி, என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. சமதரையில் நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு எடுத்துப் பார்த்தால் மேல் புள்ளியைத் தாண்டி ஒரு விரல் அகலம் நிற்கிறது. மேனுவலில் இந்த என்ஜினுக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று இருக்கிறது, கடையில் கிடைத்ததோ மூன்றரை லிட்டர் கேன், மிச்சம் வைக்க மனசில்லாமல் முழுசாகக் கவிழ்த்திருக்கிறார்கள். இது ரொம்பப் பேர் கண்டுகொள்ளாத தப்பு. அளவு மிஞ்சினால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுற்றும்போது ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை கலந்த ஆயில் பம்புக்குள் போனால் அழுத்தம் சீராக நிற்காது. ஆக ஆயிலின் கிரேடுக்கு, அதாவது கெட்டிக்கு, முன்பே ஒரு கோளாறு கிடைத்தது.

அடுத்து ஸ்கேனர், வண்டிக் கம்ப்யூட்டரின் பழுதுக் கோடைப் படிக்கும் கருவி. பி0011 என்று வந்தது, அதாவது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) டைமிங் கம்ப்யூட்டர் கேட்ட இடத்தில் நிற்கவில்லை. இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், பழைய என்ஜினில் ஆயிலுக்கு வேலை வழுக்குவதும் சூட்டை எடுத்துப் போவதும்தான். விவிடி உள்ள என்ஜினில் அதே ஆயில்தான் கேமைத் திருப்புகிற கையும். ஒரு சிறிய சோலினாய்டு வால்வு ஆயிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்துவிடும், அந்த அழுத்தத்தில் கேம் சில டிகிரி முன்னும் பின்னும் நகரும். அந்த வழிகள் எல்லாம் மெல்லிய ஆயிலைக் கணக்கில் வைத்துத் துளைத்தவை. கெட்டியான ஆயில் போனால் கேம் தாமதமாக நகரும், கம்ப்யூட்டர் காத்திருந்து பார்த்துவிட்டு லைட்டை எரியவிடும். வால்வைக் கழற்றிப் பார்த்ததில் அதன் வாயில் இருக்கும் சின்ன வலையில் கறுப்பாக மசி மாதிரி அடைப்பும் கொஞ்சம் இருந்தது. ஆக குற்றவாளி கெட்டி ஆயிலா அடைப்பா என்றால் இரண்டும்தான். ஒரே நாளில் இரண்டையும் சரிசெய்துவிட்டதால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் வந்த வினை. பிப்ரவரியில் ஆரம்பித்த அந்த மூன்று விநாடிச் சத்தம் ஏன் வந்தது என்பதுதான் முதல் கேள்வி. யாரும் அதைக் கேட்காமல் நேராக ஆயிலுக்குப் போய்விட்டார்கள்.

ராத்திரி முழுக்க நின்ற பிறகு மட்டும் வந்து சில விநாடியில் அடங்கும் சத்தம் என்றால், மேலே கேம் பக்கம் இருக்க வேண்டிய ஆயில் ராத்திரியில் கீழே சம்ப்புக்கு (என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு) இறங்கிவிடுகிறது, காலையில் பம்ப் மறுபடி நிரப்புகிற வரைக்கும் உலோகம் உலோகத்தோடு பேசுகிறது என்று அர்த்தம். அப்படி இறங்காமல் தடுப்பதற்கென்றே ஆயில் பில்டருக்குள் ஒரு ரப்பர் மடல் உண்டு. நான் பழகின மெக்கானிக் ஒருவர் (இவர் வேறு, அரசரடிப் பக்கம்) பில்டரைக் கழற்றி வைஸில் பிடித்து ஹாக்ஸாவால் சுற்றி அறுத்தார். ஜனவரியில் போட்ட பில்டர், விலை மலிவு, பெட்டி மட்டும் அசல் மாதிரியே. உள்ளே அந்த மடல் ரப்பராகவே இல்லை, வெயிலில் கிடந்த பழைய செருப்பு வார் மாதிரி விறைத்து, ஓரம் ஒரு பக்கம் மேலே சுருண்டிருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தேன், இடைவெளியில் தாராளமாகப் போகிறது. அசல் பில்டரின் மடல் விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் பட்டென்று போய் ஒட்டிக்கொள்கிறது. ராத்திரியெல்லாம் ஆயில் இறங்கிய வழி அதுதான்.

கெட்டி ஆயில் ஊற்றியதும் முதலில் சத்தம் ஏன் குறைந்தது என்பதும் இப்போது புரிகிறது. கெட்டியான ஆயில் அந்த ஓட்டையில் மெதுவாக இறங்கும், ஒரு ராத்திரிக்குள் முழுசாக வடியாது. ஆனால் இரண்டு நாள் நின்றால் அதுவும் வடிந்துவிடும், அப்புறம் ஸ்டார்ட் செய்தால் மேலே ஏறிப்போய்ச் சேர அதற்கு மெல்லிய ஆயிலைவிட நேரம் அதிகம். மூன்று விநாடி ஆறேழு விநாடி ஆனது இப்படித்தான். நூற்றுச் சொச்ச ரூபாய் பில்டரின் பழியை ஆயில் சுமந்திருக்கிறது.

இப்போது "நம்ம ஊரு வெயில்" வாதத்துக்கு வருவோம், ஏனென்றால் மச்சினனும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "நாப்பது டிகிரி அடிக்குது மாமா, ஜப்பான்காரன் அவன் ஊருக்குப் போட்ட ஆயில் இங்க எப்படி?"

நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஓடுகிற என்ஜினுக்குள் வெளி வெயில் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. அங்கே சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு. ஸ்கேனரைச் செருகிக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு ரிங் ரோட்டில் ஓட்டினோம், கூலன்ட் 88-க்கும் 95-க்கும் நடுவிலேயே நின்றது. கொடைக்கானலில் காலை ஆறு மணிக்குப் பார்த்தாலும் சூடேறிய பிறகு அதே எண்தான். மதுரையானாலும் மூணாறானாலும் பெட்ரோல் என்ஜினுக்குள் ஆயில் சுமார் நூறு டிகிரியை ஒட்டித்தான் வாழ்கிறது. டிராபிக்கிலும் மலையிலும் அதற்கு மேலே கொஞ்சம் ஏறும், அந்த ஏற்றத்தை வடிவமைத்தவன் யோசிக்காமல் விட்டிருக்க மாட்டான்.

கேனில் இருக்கும் எண்களையும் இங்கேயே முடித்துவிடலாம். 5டபிள்யூ-30 என்றால் டபிள்யூ என்பது வெயிட் இல்லை, விண்டர், குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் உறைகுளிரில் என்ஜின் சுற்றுமா, பம்ப் ஆயிலை இழுக்குமா என்பதற்கு. 0டபிள்யூ-வை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ-வை மைனஸ் 30-லும், 20டபிள்யூ-வை மைனஸ் 15-லும் சுற்றிப் பார்க்கிறார்கள். மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரி இருக்கும், ஆகவே 20டபிள்யூ போட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகாது. பின்னால் இருக்கும் எண் நூறு டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பது. கெட்டியை அளக்கிற செண்டிஸ்டோக்ஸ் கணக்கில் 20 என்றால் 6.9-க்கு மேல் 9.3-க்குள், 30 என்றால் 9.3 முதல் 12.5-க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். அறைச் சூட்டில் இருக்கும் சாதாரணத் தண்ணீர் அதே கணக்கில் 1. அதாவது இருப்பதிலேயே "தண்ணி மாதிரி" என்று ஏச்சு வாங்கும் 0டபிள்யூ-20 கூட, நூறு டிகிரிச் சூட்டிலும் குழாய்த் தண்ணீரைவிட ஏழெட்டு மடங்கு கெட்டி.

மச்சினனுக்கு எண் ஏறவில்லை, அதனால் வீட்டில் ஒரு வேலை செய்தேன். எவர்சில்வர் தட்டைச் சாய்த்து வைத்து நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒரு ஒரு ஸ்பூன் பக்கத்தில் பக்கத்தில் விட்டேன். நல்லெண்ணெய் விட்டதும் ஓடிப்போய் விளிம்பில் நிற்கிறது, விளக்கெண்ணெய் யோசித்து யோசித்து இறங்குகிறது. 40 டிகிரியில் 0டபிள்யூ-20 கிட்டத்தட்ட நல்லெண்ணெய் பதம், ஒரு 40 செண்டிஸ்டோக்ஸ் சுற்றி. 20டபிள்யூ-50 அதே சூட்டில் 150, 160 இருக்கும், விளக்கெண்ணெய் அளவுக்கு மோசமில்லை, ஆனால் அந்தப் பக்கம் சாய்ந்தது. காலை ஸ்டார்ட்டில் என்ஜின் சூடு முப்பது டிகிரிதான், அப்போது இந்த வித்தியாசம் இன்னும் பெரிசு. ஆயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போய்ச் சேருகிற வரைக்கும் அது ஆயில் இல்லை. (விளக்கெண்ணெயைச் சும்மா இழுக்கவில்லை, முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி என்ஜின்கள் அதில்தான் ஓடின, கேஸ்ட்ரால் என்ற பெயரே அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். என் மாமியாருக்கு அந்தத் தட்டை யார் கழுவுவது என்பதுதான் முக்கியமாகப் பட்டது.)

ஒரு தடவைக்கு ஆறு கிலோமீட்டரே ஓடும் இந்த வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே அபூர்வம். கூலன்ட் முள் சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடும், ஆயில் அதற்குப் பின்னால் நிதானமாக வரும், அதற்குள் கடை வந்துவிடும். அதாவது இந்த என்ஜின் தன் வாழ்க்கையில் பாதியை ஆறிய ஆயிலில் கழிக்கிறது. வெயில் ஊர் என்பதால் கெட்டி ஆயில் என்று சொன்னது, நிஜத்தில் இந்த வண்டிக்கு நேர் எதிரான யோசனை.

இதற்கு நடுவில் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைக் காட்டினான், "அமெரிக்காவிலேயே மெல்லிசு ஆயிலை நிறுத்திட்டு கெட்டியா ஊத்தச் சொல்லிட்டாங்க பாருங்க" என்று. செய்தி உண்மைதான். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் 2021 முதல் 2024 வரையான மாடல்களில் 6.2 லிட்டர் வி8 போட்ட பெரிய பிக்கப், எஸ்யூவி வண்டிகளைத் திரும்ப அழைத்தது, அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம். சோதனையில் தேறாத என்ஜினுக்குப் பழுதோ புது என்ஜினோ, தேறியதற்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் 0டபிள்யூ-40, கூடவே புது பில்டர், புது ஆயில் மூடி. ஆனால் ஏன் என்று பார்க்க வேண்டும். அங்கே கிராங்க்ஷாஃப்டிலும் கனெக்டிங் ராடிலும் தயாரிப்புக் குறை, பேரிங் போய் என்ஜின் ஓட்டத்திலேயே நிற்கிறது. குறை என்னவென்று தெரிந்து, ஒவ்வொரு வண்டியையும் சோதித்து, அதற்குப் பிறகு பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கெட்டியான படலம். இன்னொன்று, அவர்கள் மாற்றியது பின்னால் இருக்கும் எண்ணை மட்டும். முன்னால் அதே 0டபிள்யூ. யாரும் 20டபிள்யூ ஊற்றவில்லை.

கெட்டிப் படலத்தால் லாபமே இல்லை என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். 150 டிகிரியில், பேரிங்கில் ஆயில் நசுங்கும் வேகத்தில் அளக்கிற எச்டிஎச்எஸ் என்ற கணக்கு ஒன்று உண்டு. 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5, 20டபிள்யூ-50-க்கு 3.7. எண் கூடினால் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் பாதுகாப்பு கூடும், பெட்ரோல் செலவும் கொஞ்சம் கூடும். கார் கம்பெனிகள் மெல்லிய ஆயிலுக்குப் போனதில் எரிபொருள் விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை, நம் நாட்டிலும் 2017-லிருந்து அந்த விதி இருக்கிறது. டொயோட்டாவின் அமெரிக்க மேனுவல்களிலேயே அதிவேகமோ மிகுந்த பாரமோ என்றால் கெட்டி கூடிய கிரேடு பொருந்தலாம் என்று ஒரு வரி இருக்கும். ஆகவே ஒரு படி ஏறுவது வேறு, 20-லிருந்து 50-க்குத் தாவுவது வேறு.

எங்கள் வண்டி மேனுவலில் முதல் சிபாரிசு 0டபிள்யூ-20, கீழே வெப்பநிலைப் படத்தில் 5டபிள்யூ-30-ம் இருந்தது. இரண்டில் எது என்று யோசித்து 5டபிள்யூ-30 எடுத்தேன், காரணம் வெயில் இல்லை. குட்டி ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும், ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகி வெளியே போகும், இந்த வண்டியில் போகாது. 0டபிள்யூ-20 இப்படி நீர்த்துப்போனால் 20-க்கும் கீழே போய்விடும், 30 நீர்த்துப்போனால் 20 பக்கம் வந்து நிற்கும், அந்த என்ஜின் 20-க்கே கட்டப்பட்டது. அதோடு மாதம் ஒரு முறை ஐந்து பேர், லக்கேஜ், ஏசியோடு காட்ரோட்டிலிருந்து மேலே ஏற்றம். இதே வண்டி தினமும் திண்டுக்கல் போய் வருகிற வண்டியாக இருந்திருந்தால் 0டபிள்யூ-20 போதும் என்றே விட்டிருப்பேன். வாரன்டி மிச்சம் இருந்தாலும் அப்படித்தான்.

மச்சினன் 5டபிள்யூ-40 கேட்டான். அதற்கு அரசரடி மெக்கானிக் நல்ல பதில் வைத்திருந்தார், "அழுத்தம் பாத்துட்டு சொல்றேன் சார்." புது பில்டர், புது 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறி உள்ளது, சரியான அளவு ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் முள் மீட்டரைத் திருகினார். ஐடிலில் 1.4 பார், 3,000 ஆர்பிஎம்மில் மூன்றரைக்குப் பக்கம், முள் நடுங்காமல் நிற்கிறது. தேய்ந்த பேரிங் என்றால் சூடான ஐடிலில் முள் விழுந்துவிடும். விழவில்லை, பிறகு 40 எதற்கு? சொல்லப்போனால் கெட்டி ஆயிலுக்குத் தாவ நினைக்கிற யாரும் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பத்து நிமிஷ வேலைதான், ஆனால் அந்த மீட்டரை அதற்கு முன் நான் எந்தத் தெருமுனைக் கடையிலும் பார்த்ததில்லை.

நாலு மாதம் ஆகிறது. காலைச் சத்தம் அன்றைக்கே போனது, பழுதுக் கோடு திரும்ப வரவில்லை, மலையில் இழுவை வந்துவிட்டது. மைலேஜ் பதினேழைத் தொட்டது. ஆயில் கிரேடு மாற்றினால் மைலேஜ் ஓரிரு சதவீதம்தான் மாறும், இங்கே விழுந்தது அதைவிட ரொம்ப அதிகம், ஆகவே பெரும் பங்கு வேலை செய்யாத விவிடிக்கும் மே மாத ஏசிக்கும் போக வேண்டும், ஆயிலுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க நான் தயாரில்லை. 3,000 கிலோமீட்டருக்கு டிப்ஸ்டிக்கில் கால்வாசி இறங்கியிருக்கிறது, இந்த வயசு என்ஜினுக்கு அது பெரிதில்லை. குட்டி ஓட்டம் என்பதால் பத்தாயிரம் வரை இழுக்காமல் ஐயாயிரத்தில் மாற்றச் சொல்லியிருக்கிறேன், கேட்பானா என்பது வேறு.

வடித்தெடுத்த 20டபிள்யூ-50 அதிகம் ஓடாதது, தேன் நிறம்கூட மாறவில்லை. கீழே ஊற்றப்போன மச்சினனை அரசரடி மெக்கானிக் தடுத்து, சுத்தமான கேனில் துணி கட்டி வடிகட்டி எடுத்து வைத்துக்கொண்டார். அவர் அப்பாவிடம் ஒரு பழைய அம்பாசடர் பெட்ரோல் வண்டி இன்னும் ஓடுகிறதாம், "அதுக்கு இதுதான் சார் சாப்பாடு" என்றார்.